மருத்துவ உளவியலும் அம்மப்பாவின் நூலும்

கேள்வி:

எனக்கு 25 வயது. சொந்த இடம் திருகோணமலை, சாம்பல்தீவுப் பக்கம். உளவியலில் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு மூதூரில் ஓர் உளசமூகத் திட்டத்தில் வேலை செய்கிறேன். மருத்துவ உளவியலாளராக வர விருப்பம். என் அம்மப்பா ஊரில் நூல் கட்டி, பார்வை பார்க்கிறவர். அவரிடம் வருகிற ஆட்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்துத்தான் இந்தத் துறையில் ஈடுபாடு வந்தது. எங்கட சனத்தின் நம்பிக்கைகள் எனக்கு ஏற்கெனவே தெரியும், அது ஒரு பலம்தானே? ஆனால் இறுதி வருட ஆய்வுக்கு இதைத் தலைப்பாகக் கேட்டபோது, 'இது விஞ்ஞானம், கோவில் இல்லை' என்று ஒரு விரிவுரையாளர் சொல்லிவிட்டார். பண்பாட்டிலும் சமயத்திலும் ஆர்வம் உள்ளவளுக்கு இந்தத் துறை பொருந்துமா? நேர்முகத் தேர்வில் இதைச் சொல்லலாமா? நான் கும்பிடுகிறவள், அதை விட வேண்டி வருமா? அம்மா வேறு, 'விசர் ஆக்களோட வேலை செய்யிற பிள்ளையை ஆர் கட்டுவாங்க' என்று அழுகிறா.

பதில்:

தங்கச்சி,

பொருந்தும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என்னைத் தயங்க வைத்தது வேறொரு வரி. நம்பிக்கைகள் ஏற்கெனவே தெரியும், அது பலம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். பலம்தான். கிளினிக் அறையில் காலை வாரி விடுகிறதும் அதுதான். தெரியும் என்று நினைக்கிற ஆள் கேட்க மாட்டார். சாம்பல்தீவுப் பெண் ஒருத்தி உங்கள் முன்னால் வந்திருந்து 'எனக்கு நாவூறு பட்டிட்டுது' என்றால், நீங்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். ஒன்றும் தெரியாத வெளியூர்க்காரி என்றால், யாருடைய கண், எப்போது பட்டது, அதற்குப் பிறகு வீட்டில் என்ன மாறியது என்றெல்லாம் கேட்பாள். அந்தப் பதில்களில்தான் மச்சாளோடு இருக்கிற காணிப் பிரச்சினையோ, கட்டாரிலிருந்து வந்த காசில் எழும்பிய வீடோ மெல்ல வெளியே வரும். இந்தக் கடிதத்துக்கு நான் சொல்லப்போகிற எல்லாமே ஏறக்குறைய இதைச் சுற்றித்தான் இருக்கும்.

விரிவுரையாளர் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். பத்மால் டி சில்வா என்று ஒருவர் இருந்தார். பேராதனையில் படித்து, லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் மருத்துவ உளவியலாளராக வேலை செய்தவர். திரும்பத் திரும்பக் கழுவுவது, சரிபார்ப்பது என்று வருகிற ஓசிடி நோயில் பெரிய பெயர். அந்த மனிதர்தான் 1980களில் பௌத்த சூத்திரங்களை எடுத்து, வேண்டாத எண்ணத்தை எப்படிக் கையாளுவது என்று அவற்றில் சொல்லப்பட்டிருப்பதை நடத்தைச் சிகிச்சை முறைகளோடு வரிசையாக ஒப்பிட்டு எழுதினார். அதற்கு ஆயிரம் வருடத்துக்கு முதலே அபூ ஸைத் அல்பல்கி என்ற முஸ்லிம் அறிஞர் பயம், கோபம், துக்கம், விடாமல் அரிக்கிற எண்ணம் என்று பிரித்து, உடம்புக்குப் போலவே மனத்துக்கும் பராமரிப்பு வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். நம் பக்கத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது என்று காட்டி, சடங்குகளையும் நாம் பழகிய தளர்வு முறைகளையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தவர். ஆக, உங்கள் தலைப்பில் விஞ்ஞானம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆய்வுக் கேள்வியாக அதை நீங்கள் கூர்மையாக எழுதாமல் போயிருக்கலாம். அது வேறு கதை, திருத்தக்கூடியது.

வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்நாட்டில் என்றால், சிறப்புப் பட்டத்துக்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியல் முதுதத்துவமாணி, இரண்டு வருடம், பிறகு இலங்கை மருத்துவ சபையில் பதிவு. இடங்கள் மிகக் குறைவு. அறிவித்தலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இங்கிலாந்தில் அது மூன்று வருடக் கலாநிதிப் பட்டம். 2009 முதல் அங்கே அந்தப் பதவிப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, பதிவில்லாத ஆள் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் கண்ணைக் கட்டும். இந்தியாவில் 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மறுவாழ்வு கவுன்சில்தான் அங்கீகாரம் கொடுக்கிறது. படிப்பின் அமைப்பு அங்கே மாறிக்கொண்டிருப்பதால் விண்ணப்பிக்கிற வருடத்தில் நேரடியாக விசாரியுங்கள். எங்கே போனாலும், ஆறு மாத டிப்ளோமா ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலில் பலகை தொங்கவிடுகிற வேலை மட்டும் வேண்டாம். நம்மூரில் அது கூடிக்கொண்டு வருகிறது, எனக்கு அதில் கோபம் இருக்கிறது.

படிப்புக்குள் போனதும் உங்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். நுண்ணறிவுச் சோதனை, நினைவாற்றல் சோதனை, தற்கொலை ஆபத்தை மதிப்பிடுவது, உங்கள் அமர்வின் ஒலிப்பதிவை மேற்பார்வையாளர் நிறுத்தி நிறுத்திக் கேட்டு 'இந்த இடத்தில் ஏன் குறுக்கே பேசினீர்கள்' என்று பிடிப்பது. பண்பாடு எங்கே, அம்மப்பா எங்கே என்று தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள். அது ஏன் என்று ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். (இதில் வருகிற ஆட்கள் எவரும் தனி ஒருவர் இல்லை. பலரைக் கலந்து, அடையாளம் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

பிள்ளை பெற்று எட்டாம் நாள். தாய் மூன்று இரவாக நித்திரை கொள்ளவில்லை. திடீரென்று சிரிக்கிறா, பிறகு பிள்ளையைத் தள்ளிவைத்து 'இது என்ர இல்லை, மாத்திப்போட்டாங்க' என்கிறா. தீட்டு வீட்டில் ஏதோ அண்டிவிட்டது என்று மாமியார் தலைமாட்டில் இரும்புத் துண்டு வைத்திருக்கிறா, வாசலில் வேப்பிலை. பண்பாட்டில் ஆர்வமுள்ள ஒரு மாணவி இந்த இடத்தில் உட்கார்ந்து இரும்பைப் பற்றிக் கேட்கத் தொடங்கினால் அது பெரும் பிழை. பிரசவத்துக்குப் பின் வருகிற உளமாய நோய் இப்படித்தான் இருக்கும். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள். தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. அன்றைக்கே, அந்தப் பின்னேரமே உளநல வைத்தியரிடம் போக வேண்டும். மருந்துக்கு நன்றாகக் கேட்கிற நோய் அது. இரும்புத் துண்டை எடுத்து எறியச் சொல்லத் தேவையில்லை. ஆட்டோவில் ஏறும்போது மாமியார் அதையும் பையில் போட்டுக்கொண்டு வந்தால் வரட்டும். (இதை வாசிக்கிற வேறு யாருக்காவது உடனே பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.)

இந்த ஒன்று கைவந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

தெய்வமாடுவதை எடுங்கள். வைகாசிச் சடங்கில் தெய்வமாடி, வாக்குச் சொல்லி, மறுநாள் காலையில் பாடசாலைக்குப் போய்ப் பாடம் நடத்துகிற ஒரு பெண்ணுக்கு எந்த நோயும் இல்லை. 2022 முதல் நடைமுறையில் இருக்கிற உலக சுகாதார அமைப்பின் ஐசிடி 11 நோய் வகைப்பாடே அதைத்தான் சொல்கிறது. ஆவேச நிலை என்பது விரும்பாமல் வந்து, அந்த ஆளுக்குத் துன்பமும் முடக்கமும் கொடுத்து, அவருடைய சமூகம் ஏற்றுக்கொண்ட சமயச் சடங்கின் பகுதியாகவும் இல்லாதபோதுதான் அதை நோயாகக் கணக்கெடுக்கலாம். இப்போது இன்னொரு பிள்ளையைப் பாருங்கள். உயர்தரம் படிக்கிறாள். கோவிலில் ஒன்றும் வருவதில்லை. வீட்டில், அதுவும் கலியாணப் பேச்சு எடுக்கிற நாளில், செத்துப்போன சித்தியின் குரலில் பேசுகிறாள். முதலில் வலிப்பு நோயா என்று பார்க்க வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். இல்லை என்றானபின், அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். 'இவளை இப்ப கட்டிக்குடுக்காதே' என்று சித்தி சொல்லலாம். அந்த வீட்டில் அந்தப் பிள்ளை தன் குரலில் அதைச் சொல்லியிருந்தால் ஒருவரும் காதில் போட்டிருக்க மாட்டார்கள்.

கேட்பதற்கென்று ஒரு நேர்காணல் முறையே இருக்கிறது. 2013 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் டிஎஸ்எம் 5 என்கிற உளநோய்க் கையேட்டோடு வெளியிட்டது, 16 கேள்விகள். பயிற்சியில் இதைப் படிப்பீர்கள். தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசிக்காதீர்கள், பிரதேச செயலகத்தில் படிவம் நிரப்புகிற மாதிரி ஆகிவிடும். எனக்கு அதில் பிடித்தது, குடும்பத்தில் மற்றவர்கள் இதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்ற கேள்வி. 'வீட்டில மற்ற ஆக்கள் இதை என்னவெண்டு சொல்லுறாங்க?' என்று நம்முடைய பேச்சில் கேட்டுப் பாருங்கள். அம்மா செய்வினை என்பா, கணவன் நடிப்பு என்பான், அந்தப் பெண் மட்டும் தலைக்குள் நரம்பு இழுக்கிறது என்பாள். ஒரே வீட்டுக்குள் மூன்று விளக்கம் இருக்கும், மூன்றுக்கும் மூன்று இடத்துக்குப் போயிருப்பார்கள். அடுத்தது, 'இங்க வர முதல் எங்கெல்லாம் போனீங்க?' இதைக் குற்றம் சாட்டுகிற குரல் இல்லாமல் கேட்கப் பழகுவதற்கே ஒரு வருடம் போகும். சரியாகக் கேட்டால், அம்மா கைப்பையைத் திறந்து மேசையில் எடுத்து வைப்பா: ஒரு திருநீற்றுச் சரை, கிண்ணியா மவ்லவி ஓதிக் கொடுத்த தண்ணீர்ப் போத்தல், குவாதலூப்பே மாதா கோவில் மெழுகுதிரித் துண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தியசாலை மாத்திரை அட்டை. சைவக் குடும்பம் ஏன் மவ்லவியிடம் போனது என்று வெளியாருக்கு ஆச்சரியமாக இருக்கும், நமக்கு இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது அந்த அட்டையை. ஒரு மாத மருந்தில் நான்கு மாத்திரைதான் உடைக்கப்பட்டிருக்கும். யார் நிறுத்தச் சொன்னார்கள் என்று அதற்குப் பிறகுதான் கேட்க வேண்டும். பல நேரம் பூசாரியோ மவ்லவியோ காரணமாக இருக்க மாட்டார்கள். பகல் முழுக்கத் தூங்கி விழுந்ததால் சமைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சமயம் என்றவுடன் பேய், சூனியம் என்று மட்டும் மனம் ஓடக்கூடாது. பாதி விஷயம் நாட்காட்டியில் இருக்கிறது. கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பா, அதாவது வெளியில் போகாமல் துக்கம் காப்பா. அந்தக் காலத்தில் கிளினிக்குக்கு வராமல் விட்டால், கோப்பில் 'தொடர்ந்து வரவில்லை' என்று எழுதி மூடிவிடுகிற வழக்கம் இருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பு அதைச் சரி செய்யும். மனநிலை ஏறி இறங்குகிற நோய்க்கு லித்தியம் என்ற மருந்து எடுக்கிறவர் நோன்பு பிடித்தால், உடம்பில் நீர் குறைந்து இரத்தத்தில் மருந்தின் அளவு ஏற இடமிருக்கிறது. மருந்தை மாற்றுகிற அதிகாரம் உங்களுக்கு இல்லை. ஆனால் றமழானுக்கு ஒரு மாதம் முதல் 'நோன்பு பிடிக்கப் போறீங்களா?' என்று கேட்டு வைத்தியருக்குச் சொல்லி வைக்கிற ஆளாக நீங்கள் இருக்கலாம். மூதூரில் வேலை செய்கிற நீங்கள் இதை இன்றைக்கே தொடங்கலாம், பட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

திருகோணமலையில் வேலை செய்கிற எவரும் சுற்றிக்கொண்டு போக முடியாத ஒன்று காணாமல் போனவர்களின் குடும்பங்கள். கணவன் போய்ப் பல வருடம். பொட்டு வைக்கிறா. முப்பத்தோராம் நாள் கிரியையும் செய்யவில்லை, அந்தக் கடமைக்காகப் போகிற கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் போகவில்லை. செய்தால் அவரைத் தானே சாகடித்த மாதிரி என்கிறா. நீடித்த துயர நோய் என்று ஐசிடி 11 இல் ஒன்று இருக்கிறது: இறப்புக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம், அதுவும் அந்தச் சமூகத்தின், சமயத்தின் வழக்கத்தையும் மிஞ்சி நீளும் துயரம். சரி, இந்த அம்மாவுக்கு எந்த நாளிலிருந்து எண்ணுவது? சாவே உறுதியில்லை. அமெரிக்கக் குடும்ப ஆய்வாளர் போலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டுத் தனியாகப் பிரித்தார். அவர் சொல்கிற சிகிச்சையில், ஏற்றுக்கொள், முடித்துவை என்று தள்ளுவது கிடையாது. 'இருக்கிறாராக்கும்' என்பதையும் 'இல்லையாக்கும்' என்பதையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு நாளைக் கடத்துவது எப்படி என்பதுதான் வேலை.

மட்டக்களப்பில் 1990களில் பற்றீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் பார்த்ததும் இதோடு சேர்ந்ததுதான். போய்ச் சொல்ல இடமில்லாத காலத்தில், காணாமல் போன பிள்ளையைப் பற்றிக் கேட்கத் தாய்மார் அம்மன் கோவில்களில் தெய்வமாடுகிற பெண்களிடம்தான் போனார்கள். வெளியில் வாய் திறக்க முடியாததை அங்கே அழுது சொன்னார்கள். இதைப் படித்ததும் உங்களுக்குச் சடங்கெல்லாம் குணப்படுத்தும் என்று எழுதத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். 'ரெண்டு வருசத்தில வருவார் எண்டு வாக்கு வந்தது' என்று ஒரு பெண் சொல்கிறா, அந்த இரண்டு வருடம் எப்போதோ கழிந்துவிட்டது. வாக்கைப் புகழவும் கூடாது, உடைக்கவும் கூடாது. 'அந்த நாள் வந்து போனபோது என்ன நினைச்சீங்க?' என்று கேளுங்கள். என்ன பதில் வரும் என்று முன்கூட்டியே சொல்ல எவராலும் முடியாது. ஒருவர் அம்மனோடு கோபித்துக்கொண்டு கோவிலுக்குப் போவதையே விட்டிருப்பார். இன்னொருவர் தன் விரதத்தில்தான் ஏதோ பிழை என்று மூன்று நேரச் சாப்பாட்டை ஒன்றாகக் குறைத்திருப்பார். இரண்டாமவரின் எடையை நீங்கள் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

இதிலிருந்தே உங்கள் அடுத்த கேள்விக்கும் வருகிறேன். கும்பிடுவதை விடச் சொல்லி எவரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. திருநீறு பூசிக்கொண்டு நல்ல மருத்துவ உளவியலாளராக இருக்கலாம். கெனத் பார்கமன்ட் என்ற உளவியலாளர் இருக்கிறார். துன்பத்தில் சமயத்தைப் பிடித்துக்கொள்கிறவர்களை நீண்ட காலம் ஆராய்ந்தவர். கடவுள் கூட நிற்கிறார் என்று பிடித்துக்கொள்வதும், கடவுள் தண்டிக்கிறார் என்று பிடித்துக்கொள்வதும் ஒன்றல்ல, இரண்டாவது வகை பெரும்பாலும் மோசமான மனநிலையோடு சேர்ந்து வருகிறது என்று காட்டியவர். பக்தியுள்ள உங்களுக்குச் சோதனை வருவது இங்கேதான். 'சாமி என்னைத் தண்டிக்குது' என்று ஒருவர் சொன்னவுடன், 'சேச்சே, சாமி அப்படிச் செய்யாது' என்று உங்கள் வாய் முந்திக்கொள்ளும். அது உங்கள் சாமி. அவருடைய சாமி எதற்காகத் தண்டிக்கிறது என்ற கதை அத்தோடு நின்றுபோகும், அதற்குள் அவர் இருபது வருடமாக எவரிடமும் சொல்லாத ஏதோ ஒன்று இருந்திருக்கக்கூடும். நேர்த்தி வைக்கச் சொல்லுவது, கோவில் பெயர் சொல்லி அனுப்புவது இரண்டும் வேண்டாம். அதற்கு ஊரில் ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள்.

நேர்முகத் தேர்வில் மறைக்காதீர்கள். 'எனக்குப் பண்பாட்டில் ஆர்வம்' என்று மட்டும் சொன்னால் ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள். உங்களிடம் அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: அம்மப்பா. அவரிடம் போய் ஒரு கிழமை சும்மா இருங்கள். நூலைவிட, அவர் ஆட்களைப் பிரிக்கிற விதத்தைக் கவனியுங்கள். யாரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைக்கிறார், யாரை மூன்றாம் நாள் திரும்பி வரச் சொல்கிறார். பிறகு கேளுங்கள், 'நீங்க நூல் கட்டாமல் நேரே ஆசுப்பத்திரிக்கு அனுப்பிற ஆக்கள் ஆர், அம்மப்பா?' அனுபவமுள்ள பார்வைக்காரர்கள் பலருக்கு அப்படி ஓர் எல்லை இருக்கும். அவருக்கு இருந்தால், அது என்ன, எதைப் பார்த்து முடிவெடுக்கிறார் என்று எழுதி வையுங்கள். இல்லை என்றால் அதையும் எழுதுங்கள், ஏனென்றால் அந்த எட்டாம் நாள் தாயை முதலில் அவரிடம்தான் கொண்டுபோவார்கள். வீட்டுப் பாசத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த விண்ணப்பதாரியை எந்தக் குழுவும் இலேசில் விடாது.

அம்மாவுக்கு என்ன சொல்வது? என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் நித்திரை வராத ஆசிரியர்கள், சோதனைக்குப் பயந்த பிள்ளைகள், குடியை விட முடியாத அப்பாமார் என்று சொல்லுங்கள். அவவுக்குத் தெரிந்த ஆட்கள் மாதிரித்தான் இருப்பார்கள். கலியாணத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அந்தத் துறையில் எனக்குப் பதிவு இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றை நானே சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் சிங்களம் பற்றி ஒரு வரியும் இல்லை. கொழும்பில் பயிற்சி எடுத்தால் வார்டில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் சிங்களத்தில்தான் அழுவார்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் தாதி சொல்கிற பாதி விஷயம் சிங்களத்தில் காற்றில் போகும். விண்ணப்பிக்க இன்னும் நாள் இருந்தால் இப்போதே ஒரு வகுப்பில் சேருங்கள். இலக்கணத்தை விட, நித்திரை, பசி, பயம், சாக வேண்டும்போல இருக்கிறதா என்று கேட்பது, இவ்வளவும் முதலில் வாயில் வரட்டும்.